வேட்பாளர் ஆவது எந்த நாளில்?

2019 ஏப்ரல் 16 மாலை வரை வேலூர் மக்களவைத் தொகுதியில் வேட்பாளர்கள் இருந்தார்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள். பிரசாரம் ஓய்ந்து, ஏஜெண்டுகளுக்கு பூத் பிரித்துக் கொடுக்கும் நேரம். அப்போதுதான் தேர்தல் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. வருமானவரித் துறையின் சோதனைகளில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதை அடுத்து, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணப் பட்டுவாடா புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை.

ரத்தானது வாக்குப்பதிவு மட்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அறிவிக்கையே போனதால் அதன்கீழ் நடந்த எல்லாமும் போயிற்று: தாக்கலான மனு, பரிசீலனை, ஒதுக்கிய சின்னம், எல்லாம். ஜூலையில் புது அறிவிக்கை வந்தது. கட்டிய டெபாசிட்டை மறுபடி கட்டி, போட்ட கையெழுத்தை மறுபடி போட்டு, எடுத்த உறுதிமொழியை மறுபடி எடுத்தார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி வாக்குப்பதிவு, 9-ஆம் தேதி எண்ணிக்கை. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி.சண்முகத்தை 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நோட்டாவுக்கு விழுந்த வாக்குகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம்.

சரி, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை அந்த இருவரும் வேட்பாளர்களா இல்லையா? ஆம்பூர் டீக்கடையில் கேட்டால் ஆமாம் என்பார்கள். சட்டத்தைக் கேட்டால் இல்லை என்கிறது. டீக்கடையும் சட்டமும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் அந்தச் சொல் தொடங்கும் நாள் வேறு வேறு. எங்கள் பக்கத்துத் தேர்தல் அரசியலில் பாதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சொல். வேள் என்ற வேரிலிருந்து வேட்கை வருகிறது, வேள்வி வருகிறது, வேட்டல் வருகிறது. விரும்புவதும் திருமணம் செய்வதும் யாகம் செய்வதும் பழந்தமிழில் வேட்டல்தான். வேட்பு என்றால் விருப்பம். அதை உடையவர் வேட்பாளர். பதவியை விரும்புகிறவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற பெயர். சேவை, தொண்டு, தியாகம் என்று மேடையில் எது பேசினாலும், வாக்குச்சீட்டுக் கணக்கில் அவருக்குள்ள பெயர் 'ஆசைப்பட்டவர்' என்பதுதான். இவ்வளவு நேர்மையான அரசியல் சொல் தமிழில் குறைவு.

இது மிகப் பழைய சொல்லும் இல்லை. சென்ற நூற்றாண்டின் முற்பாதிச் செய்தித்தாள்களில் இவர் 'அபேட்சகர்'. காங்கிரஸ் அபேட்சகர், ஜஸ்டிஸ் கட்சி அபேட்சகர் என்றுதான் எழுதினார்கள். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் மேடைத் தமிழை மாற்றியபோது அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், மந்திரி அமைச்சரானார், அபேட்சகர் வேட்பாளரானார். வேடிக்கை என்னவென்றால், அபேட்சை என்ற வடசொல்லுக்கும் பொருள் விருப்பம், எதிர்பார்ப்பு. சட்டை மாறியது, ஆள் மாறவில்லை.

வடாற்காடு மும்மொழி மண். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசுகிறவர்கள் நிறைய. பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடிப் பக்கம் ஆந்திர எல்லை நெருங்க நெருங்கத் தெலுங்கு கேட்கும். உருதுவில் வேட்பாளர் 'உம்மீத்வார்'. உம்மீத் என்றால் நம்பிக்கை, நம்பிக்கையோடு இருப்பவர். தெலுங்கில் 'அப்யர்த்தி': வேண்டிக் கேட்பவர். ஆசைப்படுகிறவர், நம்பிக் காத்திருப்பவர், கைகூப்பிக் கேட்பவர் என்று ஒரே ஆளை மூன்று மொழி மூன்று கோணத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரே நாளில் ஒரே வேனில் வாணியம்பாடியிலிருந்து குடியாத்தம் போகிறவர் மூன்றாகவும் இருக்கிறார்.

உருதுச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், உத்தியோகம் கிடைக்கும் என்று காத்துக் கிடந்தவர்களை 'உமேதுவார்' என்றார்கள். தாசில்தார், ஜமாபந்தி, ஜாமீன், வாபஸ் என்று ஆற்காட்டு நவாபு காலத்தின் சொற்கள் நம் அலுவலகத் தமிழில் இன்றும் உலவுகின்றன. உமேதுவார் மட்டும் உதிர்ந்துபோயிற்று. எனக்கு அது வருத்தம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது சட்டம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, முறையாக முன்மொழியப்பட்டவரும், அப்படி முன்மொழியப்பட்டதாகக் கோருகிறவரும் வேட்பாளர் என்கிறது. கோருகிறவரையும் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. மனு தள்ளுபடியானவர் வழக்குப் போட வேண்டுமல்லவா? நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான என்.பி.பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடாது, முடிந்த பிறகு தேர்தல் வழக்காகக் கொண்டுவரலாம் என்று 1952-இல் தீர்ப்பானது. இன்றுவரை அதுதான் விதி.

ஆனால் அதே பிரிவில் முன்பு இன்னொரு வாசகமும் இருந்தது. தேர்தல் வரப்போகிறது என்ற நிலையில், தான் நிற்கப்போவதாக ஒருவர் எப்போது வெளிக்காட்டிக்கொள்ளத் தொடங்குகிறாரோ, அப்போதிலிருந்தே அவர் வேட்பாளர் என்று அது சொன்னது. டீக்கடையின் அர்த்தமும் சட்டத்தின் அர்த்தமும் அப்போது ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வாசகம்தான் 1975-இல் இந்திரா காந்தியின் பதவியை ஆட்டியது. ரேபரேலித் தொகுதியில் அவர் 1971-இல் வென்றதை எதிர்த்த வழக்கில் முக்கியமான கேள்விகளில் ஒன்று, அவர் எந்த நாளில் வேட்பாளர் ஆனார் என்பது. மனு தாக்கல் செய்த 1971 பிப்ரவரி 1-ஆம் தேதி என்பது அவர் தரப்பு. 1970 டிசம்பர் 29-ஆம் தேதியே தன்னை வேட்பாளராகக் காட்டிக்கொண்டுவிட்டார் என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். இரண்டு தேதிகளுக்கும் நடுவில், அரசுப் பணியில் இருந்த யஷ்பால் கபூர் ஜனவரியில் அவருக்காக வேலை செய்திருந்தார். டிசம்பர் தேதி செல்லும் என்றால் அது முறைகேடு. பிப்ரவரி தேதி செல்லும் என்றால் அவர் அப்போது வேட்பாளரே இல்லை. நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா 1975 ஜூன் 12 அன்று தேர்தல் செல்லாது என்றார். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 79-ஆம் பிரிவைத் திருத்தி, வெளிக்காட்டிக்கொள்ளும் நாள் பற்றிய வாசகத்தை எடுத்துவிட்டது, அதுவும் முன்தேதியிட்டு. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்று அவரது தேர்தல் செல்லும் என்றது. நெருக்கடி நிலை விலகியது, ஆட்சிகள் மாறின, அந்த வாசகம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

இதன் விளைவு நம் ஊரில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். தேர்தல் செலவுக் கணக்கு, முன்மொழியப்பட்ட நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான். 2022 முதல் தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் உச்சவரம்பு. அந்தச் சில வாரங்களில் ஒரு டீக்கும் ஒரு துண்டுக்கும்கூட விலைப்பட்டியல் உண்டு, பார்வையாளர் வருவார், வீடியோ எடுப்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்கு? குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல், ரமலான் மாதத்தில் இஃப்தார், ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானம், பொங்கலுக்குக் காலண்டர், கபடிப் போட்டிக்குப் பரிசு, காதுகுத்துக்கு மொய். நீர்மோர் ஊற்றுகிறவர் எல்லாரும் சீட்டுக்கு ஆசைப்படுகிறவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆசைப்படுகிறவர் யார் என்று பேனரைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று 1975-இல் அது முடிவு செய்துவிட்டது.

வேலூரில் அந்த முறை தேர்தல் தள்ளிப்போனதில் இது பட்டவர்த்தனமாயிற்று. மறுபடி இவர்கள்தான் நிற்பார்கள் என்று தொகுதியில் எல்லோருக்கும் தெரிந்த மாதங்களில், சட்டப்படி அங்கே ஒரு வேட்பாளரும் இல்லை.

பேச்சில் யாரும் வேட்பாளர் என்று சொல்வதும் இல்லை. "இந்த வாட்டி யாரு நிக்கிறாங்க?" என்பதுதான் கேள்வி. நிற்கிறார், நிறுத்துகிறார்கள், நிற்க வைத்துவிட்டார்கள். இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டியது. சுயேச்சை நிற்கிறார். கட்சிக்காரரைக் கட்சி நிறுத்துகிறது. அடுத்தவர் ஓட்டைப் பிரிக்க வந்தவரை யாரோ நிற்க வைத்திருக்கிறார்கள். பிரபலமான வேட்பாளரின் பெயரிலேயே இன்னும் சிலர் மனுப் போடுவது இந்த மூன்றாவது வகை என்று ஊரே பேசும். 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்தார்கள். சில நூறு வாக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு வெளியே போக வேண்டாம்: 2021-இல் காட்பாடியில் துரைமுருகன் வென்றது 746 வாக்கு வித்தியாசத்தில். 1971-இலிருந்து அந்தத் தொகுதியோடு பழகியவருக்கே அவ்வளவுதான்.

நிற்பதற்கு முன்னால் கேட்பது வருகிறது. அதைத்தான் 'சீட்டு கேட்பது' என்கிறோம். கட்சி அலுவலகத்தில் விருப்பமனு வாங்கி, கட்டணம் கட்டி, நேர்காணலுக்குப் போய் வருவது. இந்தக் கட்டணம் அரசுக்குக் கட்டும் டெபாசிட்டைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் திரும்ப வரும். கட்சிக்குக் கட்டியதை யாரும் திரும்பக் கேட்டு நான் பார்த்ததில்லை. நேர்காணலில், தொகுதியில் உங்கள் சமூகத்துக்கு எத்தனை ஓட்டு, எவ்வளவு செலவு செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்வது வழக்கம்.

இங்கேதான் எனக்கு உமேதுவார் நினைவு வருகிறது. மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலிலும் சென்னை அலுவலக வராண்டாவிலும் பட்டியல் வரும்வரை காத்திருக்கிறவருக்கு வேட்பாளர் என்ற பெயர் இன்னும் வரவில்லை. விருப்பமனு கொடுத்தவர் என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. கச்சேரி வாசலில் காத்திருந்தவருக்கு இருந்த பெயர் இவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். இவர் விண்ணப்பிப்பது கட்சித் தலைமையிடம். வாக்காளரிடம் இவருக்கு இன்னும் வேலையே தொடங்கவில்லை. கே.வி.குப்பம், குடியாத்தம் போன்ற தனித் தொகுதிகளில் இந்தக் காத்திருப்பில் இன்னொரு கசப்பும் உண்டு. நிற்கிறவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும், யார் நிற்பது என்று தீர்மானிக்கும் கட்சிப் பொறுப்பில் பெரும்பாலும் வேறு ஆள் இருப்பார்.

திருக்குறளில் இந்த வேட்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது. 'கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்று சொல்வன்மை அதிகாரத்தில் வருகிறது. இதுவரை கேட்காதவர்களும் கேட்க விரும்பும்படி பேசுவதே சொல்வன்மை. அங்கே வேட்பு கேட்கிறவருடையது. பேசுகிறவர் அதைச் சம்பாதிக்க வேண்டும். இன்றைய சொல்லில் ஆசை முழுக்க மைக் பிடித்தவர் பக்கம் வந்துவிட்டது.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இங்கே சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய அந்தக் குடவோலை விதிகளைத் தமிழர் மக்களாட்சி என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகம். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் கேட்ட பிராமணச் சபை அது. நம் பேச்சுக்கு அதில் உள்ள சுவாரசியம் ஒன்றுதான்: அங்கே யாரும் மனுக் கொடுக்கவில்லை. தகுதியுள்ளவர் பெயர் ஓலையில் எழுதிக் குடத்தில் போடப்படும், ஒரு சிறுவன் எடுப்பான். கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் குடத்துக்குள்ளேயே வர முடியாது. வேட்பாளர் இல்லாத தேர்வு.

பதவி முதலில் வந்து வேட்பு பின்னால் வந்த கதை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் மக்களவை உறுப்பினர். சென்னை சட்டமன்றத்தில் இல்லை. ஆறு மாதத்துக்குள் அவை உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1952-இல் ஆளுநரின் நியமனத்தில் மேலவைக்குப் போனவர், மக்களிடம் வரவே இல்லை. அதே குறுக்குவழி காமராஜருக்கும் திறந்துதான் இருந்தது. அவரோ சொந்த ஊரான விருதுநகரை விட்டு வடாற்காட்டுக்கு வந்து குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். பெரியாரும் அண்ணாவும் ஆதரித்தார்கள், வென்றார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுக் கேட்பது எளிது என்று சொல்லலாம். கேட்காமலே உட்கார வழியிருந்தும் கேட்டார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2001-இல் ஜெயலலிதாவுக்கு நான்கு தொகுதிகளிலும் மனு தள்ளுபடியாகி, உறுப்பினராகாமலே முதலமைச்சராகி, செப்டம்பரில் அந்த நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆறு மாத அவகாசம் என்பது நிற்கத் தகுதியுள்ளவருக்குத்தான், தகுதியிழந்தவருக்கு இல்லை என்பது அதில் தெளிவாயிற்று.

மனு தாக்கல் நாளுக்கு வருவோம். மக்கள் வாயில் அது 'நாமினேஷன்'. வேலூர் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம். காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரைதான் நேரம், அதற்குள் பஞ்சாங்கம் வேறு குறுக்கே நிற்கும். புதன் 12 முதல் 1.30 வரை ராகு காலம், வியாழன் 1.30 முதல் 3 வரை, வெள்ளியில் 12 மணிக்குத்தான் விடியும். பகுத்தறிவு பேசுகிற கட்சிக்காரர்களின் மனுக்களும் எப்படியோ நல்ல நேரத்திலேயே வந்து சேர்வதைப் பார்க்கலாம். அங்கீகரித்த கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். 2017-இல் ஆர்.கே.நகரில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்தப் பத்தில்தான். முன்மொழிந்தவர்களில் இருவர், கையெழுத்து எங்களுடையதல்ல என்றார்கள். பத்துப் பேர் விதியும் ஒரு டெபாசிட் உயர்வும் 1996 ஆகஸ்டில் வந்தவை. அந்த ஆண்டு மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது. அவர்களில் பலர் பதவியை விரும்பவில்லை, விவசாயிகளின் குறையைக் காட்டவே மனுப் போட்டார்கள். வேட்பே இல்லாத ஆயிரம் வேட்பாளர்கள்.

கட்சி வேட்பாளரோடு கூடவே ஒருவர் மனுத் தாக்கல் செய்வார், மாற்று வேட்பாளர். பெரும்பாலும் மனைவியோ மகனோ நெருங்கிய ஆளோ. முதல் மனு ஏற்கப்பட்டதும் இவர் காணாமல் போய்விடுவார். அபூர்வமாக முதல் மனு தள்ளுபடியானால் இவர் எம்.எல்.ஏ.வே ஆகலாம்.

ஊராட்சியில் கதை வேறு. வேலூரும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் மூன்று மாவட்டமாகப் பிரிந்ததால், அந்த ஆண்டு டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே நடக்கவில்லை. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. மக்களவைக்கு நாட்டில் எங்கே ஓட்டு இருந்தாலும் வேலூரில் நிற்கலாம். ஊராட்சித் தலைவருக்கு அந்த ஊராட்சியிலேயே ஓட்டு இருக்க வேண்டும், கட்சிச் சின்னமும் கிடையாது. அங்கே சீட்டு கேட்பது ஊர்க் கூட்டத்தில்தான். பங்காளிகள் உட்கார்ந்து, போன தடவை மேலத்தெரு, இந்தத் தடவை கீழத்தெரு என்று பேசி முடித்து, மற்றவர்கள் வாபஸ் வாங்கி, போட்டியின்றித் தேர்வு என்று முடிவதுண்டு. தமிழ்நாட்டின் சில ஊர்களில் கோயிலுக்கு யார் அதிகம் தருகிறார் என்று ஏலமே விட்டு அதிகாரிகளின் நடவடிக்கையில் சிக்கியிருக்கிறார்கள். ஆசைப்பட்டவர் நான்கு பேர் என்றால், மனுவைத் தாண்டி நின்றவர் ஒருவர்.

தோற்றபின்னும் சட்டம் வேட்பாளரை உடனே விட்டுவிடுவதில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 3 ஆண்டு வரை தகுதியிழப்பு. சுயேச்சைகள் அடிக்கடி சிக்குவது இதில்தான். ஆனால் ஊர் அவரை அதற்குப் பிறகும் விடுவதில்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலிப் பேனரிலும் பெயருக்குக் கீழே 'முன்னாள் சட்டமன்ற வேட்பாளர்' என்று போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. டெபாசிட் போனவர்களும்.